மர்பி டவுனிலிருந்து ஆகாயம் எவ்வளவு தூரம்?

பிழைப்பு ஓரிடம், ஆசை வேறிடம். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே பாராசூட்டையும் விடாமல் இருப்பது யாருக்குச் சாத்தியம்? பெங்களூரின் ஒரு பழைய தமிழ்ப் பேட்டை சில விடைகளை வைத்திருக்கிறது.

அல்சூர் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பழைய மெட்ராஸ் சாலையின் இரைச்சலைத் தாண்டி உள்ளே போனால் வருகிறது மர்பி டவுன். ஒடுங்கிய தெருக்கள். கைக்குட்டை அளவு மனைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிய மாடிகள். இறைச்சிக் கடைகளுக்குப் பெயர்போன மார்க்கெட். ஒரு நூலகம். வாசற்படிப் பேச்சு பெரும்பாலும் தமிழ்தான். கன்னடமும் உருதும் ஆங்கிலமும் தாராளமாகக் கலந்த கண்டோன்மென்ட் தமிழ். விமானத்திலிருந்து குதிக்கும் விளையாட்டைப் பற்றிப் பேச இதைவிடப் பொருந்தாத இடம் இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் அந்த விளையாட்டின் கதை வீரத்தைவிடப் பிழைப்பைப் பற்றியது. பிழைப்பு என்பது மர்பி டவுனுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

பேட்டை பிறந்ததே அதனால்தான். 1809-ல் ஆங்கிலேயர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்து மலேரியாவுக்குப் பயந்து படையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள். மெட்ராஸ் ராணுவத்தின் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே தமிழ் மாவட்டங்களிலிருந்து சமையல்காரர்களும் கொத்தனார்களும் தையல்காரர்களும் தோல் வேலை செய்பவர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் வந்தார்கள். 1881-ல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்பிய பிறகும் கண்டோன்மென்ட் மட்டும் 1947 வரை ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. அதன் உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடங்களில் ஒன்று நாக்ஸ்பேட்டை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அதைத் திட்டமிட்ட தொழிலாளர் குடியிருப்பாக மாற்றியவர் கண்டோன்மென்ட் நிர்வாகத்தின் எஞ்சினியர் மர்பி. துரையின் பெயரே ஊரின் பெயராகிவிட்டது. ஆக, இங்கே இருப்பவர்களின் பாட்டன், பூட்டன் எல்லோருமே வேலை இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். சொந்த ஊரில் எதை விட்டு வந்தார்கள் என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

கூப்பிடு தூரத்தில் அல்சூர் ஏரி. அதை ஒட்டி, 1780-ல் உருவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம். தென்னிந்திய இளைஞர்கள் சேரும் இந்தப் படையின் ஜவானுக்கு ராணுவம் முழுவதும் ஒரே செல்லப் பெயர்: 'தம்பி'. நகரின் இன்னொரு பக்கம் ஜெயமஹாலில் பாராசூட் ரெஜிமென்டின் பயிற்சி மையம். 1992-ல் ஆக்ராவிலிருந்து இங்கே வந்தது. மெரூன் நிறத் தொப்பி அணிந்த வீரர்கள் பெங்களூர்த் தெருக்களில் சர்வ சாதாரணம்.

இதோடு முடியவில்லை. 1940-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை இந்த நகரில்தான். விமானியின் உடம்பு ஆகாயத்தில் என்ன பாடுபடுகிறது என்று ஆராயும் விமானப் படை மருத்துவ நிறுவனம் 1957 முதல் இங்கேதான். 1996-லிருந்து ஏரோ இந்தியா கண்காட்சி நடப்பதும் இந்த நகரின் எலஹங்கா விமானப் படைத் தளத்தில்தான். விமானம் செய்கிற ஊர், விமானியைச் சோதிக்கிற ஊர், பாராசூட் வீரனைப் பழக்குகிற ஊர். இருந்தும், ராணுவச் சீருடை இல்லாத ஒரு பெங்களூர்க்காரர் பாராசூட்டை மாட்டிக்கொண்டு குதிக்க ஆசைப்பட்டால், மைசூரில் எப்போதாவது நடக்கும் முகாமுக்காகக் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் தொலைவுக்குப் பயணப்பட வேண்டும். ஆசை கொஞ்சம் தீவிரமானால் பாஸ்போர்ட்டைத் தேட வேண்டியதுதான்.

ஏன் என்பதற்கு விளையாட்டின் கணக்கே பதில் சொல்கிறது. முதல் முறை குதிப்பவருக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. அனுபவசாலி ஒருவரின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். சுமார் 13,000 அடியிலிருந்து குதித்தால் ஏறத்தாழ ஒரு நிமிடம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்து, பிறகு பாராசூட் விரிந்து, நிதானமாக இறங்கலாம். போட்டோவும் வீடியோவும் கிடைக்கும். தனியாகக் குதிப்பது வேறு கதை. அமெரிக்க பாராசூட் சங்கத்தின் விதிப்படி, ஆரம்ப லைசென்ஸுக்கே 25 முறை குதித்திருக்க வேண்டும். மிக உயர்ந்த லைசென்ஸுக்கு 500. அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. ஆரம்ப லைசென்ஸ்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்துவிட்டால், மறுபடியும் பயிற்சியாளர் முன்னால் நின்று பாடத்தைப் புதுப்பிக்க வேண்டும். முதுகில் இருக்கும் ரிசர்வ் பாராசூட்டை, ஒரு தடவைகூடப் பயன்படுத்தாவிட்டாலும், 180 நாளுக்கு ஒருமுறை தகுதி பெற்றவர் பிரித்துச் சோதித்து மறுபடி மடித்து முத்திரையிட வேண்டும்.

விதி இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. பாராசூட் சரியாக விரியாவிட்டால், அதைக் கழற்றி எறிந்துவிட்டு ரிசர்வை இழுக்க இருக்கும் அவகாசம் சில விநாடிகள்தான். அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்க முடியாது. கை தானாகப் போக வேண்டும். கை பழக்கத்தால்தான் தானாகப் போகும். விட்டுப்போனால் அந்தப் பழக்கம் மறந்துபோகும். தைரியத்தை ஒரு நாளில் வரவழைத்துக்கொள்ளலாம். பழக்கத்தை அப்படி வரவழைக்க முடியாது.

வெளிநாட்டு வேலை சோதிப்பதும் இதைத்தான். எந்த நாட்டில் வேலை கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே ஒருவர் எத்தனை முறை குதிப்பார் என்பதும் அமைகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ அரிசோனாவிலோ புளோரிடாவிலோ வேலை அமைந்தவர் அதிர்ஷ்டசாலி. சனி, ஞாயிறு காரை எடுத்தால் குதிக்கும் மைதானம். வருஷம் முழுக்க வெயில். பின்லாந்தில் அமைந்தவருக்குக் கோடை மாதங்கள்தான் சீசன். நீண்ட குளிர்காலத்தில் பாராசூட் பெரும்பாலும் அலமாரியில் தூங்கும். சிங்கப்பூரின் வான்வெளி சின்னது, விமானங்களோ ஏராளம். அங்கே குதிக்கும் பித்துப் பிடித்தவர்கள் மலேசியாவுக்கோ தாய்லாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ டிக்கெட் எடுப்பது வழக்கம். உள்ளூரில் மிஞ்சியது 2011-ல் சென்டோசா தீவில் திறக்கப்பட்ட காற்றுச் சுரங்கம். கீழிருந்து பீறிடும் காற்றில் மிதந்தபடி உடம்பைப் பழக்கிக்கொள்ளலாம். ஆனால் விமானத்தின் கதவு திறக்கும்போது வயிற்றில் புரளும் அந்த உணர்வு அதில் கிடைக்காது.

துபாய் இன்னும் விசித்திரம். பனைமர வடிவில் கட்டிய செயற்கைத் தீவின் மேல் குதிப்பதற்கு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதே நகரில் கட்டட வேலை செய்யும் தமிழர்களும் ஏராளம். ஒரு முறை குதிப்பதற்கான கட்டணம் அவர்களின் மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடும். சாரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் வண்ண வண்ணக் குடைகள் இறங்குவது தெரியும். உயரத்தில் இருவரும்தான் நிற்கிறார்கள். ஒருவர் அதற்குப் பணம் கட்டுகிறார், இன்னொருவர் பணம் வாங்குகிறார்.

இந்தக் கணக்கையெல்லாம் பொய்யாக்கிய ஒரு தமிழர் இருந்தார். ஆற்காட்டைத் தன் பெயரிலேயே சுமந்த டாக்டர் ஏ.ஜி. ரங்கராஜ். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1941-ல் இந்தியாவில் பாராசூட் படைப்பிரிவு உருவானபோது, 152-வது இந்திய பாராசூட் பட்டாலியனின் மருத்துவ அதிகாரி அவர். பாராசூட்டில் குதித்த முதல் இந்திய ராணுவத்தினர் இருவர். ஹவில்தார் மேஜர் மதுரா சிங் ஒருவர். இன்னொருவர் லெப்டினன்ட் ரங்கராஜ். சுடுவதற்காகப் படைக்குப் போன ஆள் அல்ல. வைத்தியம் பார்க்கப் போன இடத்தில், நோயாளி எங்கே விழுவாரோ அங்கே டாக்டரும் விழ வேண்டும் என்பதால் குதித்தார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து அவருக்கு வெளிநாட்டில் வேலை வந்தது. கொரியப் போரில் இந்தியா துப்பாக்கிப் படையை அனுப்பவில்லை. ஒரு மருத்துவப் பிரிவை அனுப்பியது. 1950 நவம்பரில் 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் பூசான் துறைமுகத்தில் இறங்கியது. தலைமை லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ். ஒரு மாதத்துக்குள்ளேயே சோதனை. பியாங்யாங்கை விட்டு ஐ.நா. படைகள் பின்வாங்கியபோது இந்தியர்களுக்கு வண்டி கிடைக்கவில்லை. மருத்துவக் கருவிகளைப் போட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து பாய்லரை நிரப்பி, எஞ்சின் ஓட்டத் தெரிந்த தங்கள் ஆட்களை ஏற்றி, கருவிகளோடு தெற்கே வந்து சேர்ந்தார்கள்.

1951 மார்ச் 23 அன்று, சியோலுக்கு வடக்கே முன்சானில் அமெரிக்காவின் 187-வது பாராசூட் படையைச் சேர்ந்த மூவாயிரத்துக்கும் அதிகமானவர்கள் குதித்தார்கள். அவர்களோடு 12 இந்தியர்கள்: ஏழு அதிகாரிகள், ஐந்து ஜவான்கள். முன்னால் நின்றவர் ரங்கராஜ். தரையில் கால் பட்டதும் அறுவை சிகிச்சைக் கூடாரம் எழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் அங்கே நடந்தன. முதல் குதிப்புக்கும் இதற்கும் இடையே பத்து ஆண்டு. அந்தப் பத்து ஆண்டில் ஒரு உலகப் போரும் ஒரு நாட்டுப் பிரிவினையும் வந்து போயிருந்தன. பழக்கம் மட்டும் அறுந்துபோகவில்லை. மெரூன் தொப்பிக்காரர்கள் 1954 வரை கொரியாவில் இருந்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. 2020-ல் தென்கொரிய அரசும் அவரைக் கொரியப் போரின் நாயகர்களில் ஒருவராக நினைவுகூர்ந்து கௌரவித்தது.

சீருடையைக் கழற்றிய பிறகும் அவருக்கு வாய்த்தது வெளிநாட்டு வேலைதான். உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்பு இயக்கத்துக்காக ஆப்கானிஸ்தானில் பணியாற்றினார். அங்கே பாராசூட் தேவைப்படவில்லை. சாலை இல்லாத மலைக் கிராமங்களுக்கு நடந்தும் ஏறியும் போக வேண்டியிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்து பெரியம்மை விடைபெற்றது.

ரங்கராஜ் ஒரு விஷயத்தில் கொடுத்து வைத்தவர். பாராசூட்டும் அவரது வேலையும் ஒன்றே. விமானம் சர்க்காருடையது, பெட்ரோல் சர்க்காருடையது, குதிக்காத நாளிலும் சம்பளம் உண்டு. சீருடை இல்லாதவர்களுக்கு அந்த வசதி இல்லை. 1979-ல் ஆக்ராவில் முதல் முறை குதித்த ரேச்சல் தாமஸ், ரயில்வே வேலையையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்டே 600-க்கும் அதிகமான தடவை குதித்தார். 2002 ஏப்ரலில் வட துருவத்தின் மேல் குதித்தார். 2005-ல் பத்மஸ்ரீ பெற்றார். புனேயின் ஷீத்தல் மகாஜன் 2004 ஏப்ரலில் வட துருவத்தில் குதித்ததுதான் அவரது முதல் குதிப்பே. 2006-ல் தென் துருவம். திருமணத்துக்குப் பிறகு பின்லாந்தில் குடியிருந்த காலத்திலும் விடவில்லை. இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான பிறகு, 2018-ல் தாய்லாந்தின் பட்டாயாவில் ஒன்பது கஜம் புடவையோடு குதித்தார். 2023-ல் எவரெஸ்ட் பிரதேசத்துக்கே போனார். இவர்களைப் போன்றவர்களுக்குக் குதிப்பதில் இருக்கும் சிரமத்தைவிட, அதற்குப் பணமும் விடுமுறையும் தேடுவதில் இருக்கும் சிரமம் அதிகம்.

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புபவருக்குக் கதை தலைகீழாகிறது. அங்கே சம்பாதித்த லைசென்ஸ் கையில் இருக்கும். லாக் புத்தகத்தில் நூறு, இருநூறு குதிப்புகளின் கணக்கு இருக்கும். இங்கே விமானம் கிடைக்க வேண்டும், அனுமதி கிடைக்க வேண்டும், பருவமழை ஒதுங்க வேண்டும். அதற்குள் அறுபது நாள் என்ன, அறுநூறு நாளே ஓடிவிடும். புத்தகத்தின் கடைசிப் பதிவில் எழுதியிருப்பது வெளிநாட்டு மைதானத்தின் பெயராகவே நின்றுவிடும்.

மர்பி டவுன் போன்ற பேட்டைகளின் பையன்களுக்கு வெளிநாட்டு லைசென்ஸ் எட்டாக் கனி. ஆகாயத்துக்கு அவர்களின் பாதை எப்போதும் ராணுவத்தின் கேட் வழியாகத்தான். ஆக்ராவின் பாராசூட் பள்ளியில் ஐந்து முறை குதித்தால் மார்பில் சிறகுச் சின்னம் ஏறும். ஒரு ரூபாய் செலவில்லை. உடம்பும் மனதும் ஒத்துழைத்தால் ஏழை வீட்டுப் பிள்ளையும் வருஷக்கணக்கில் குதித்துக்கொண்டே இருக்கலாம்.

அந்தக் கதவும் இப்போது கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. 2022-ல் வந்த அக்னிபத் திட்டப்படி, சேரும் ஜவானுக்குப் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதற்குப் பிறகு அதிகபட்சம் நான்கில் ஒருவருக்குத்தான் நிரந்தர இடம். மற்ற மூவரும் கையில் ஒரு தொகையோடு ஊர் திரும்பி, மறுபடி வேலை தேட வேண்டும். அது செக்யூரிட்டி வேலையாக இருக்கலாம், வளைகுடா விசாவாக இருக்கலாம். சிறகுச் சின்னம் பெட்டிக்குள் போய்விடும்.

ரங்கராஜ் முதல் குதிப்புக்கும் முன்சானுக்கும் இடையே பத்து ஆண்டு எடுத்துக்கொண்டார். அந்தப் பத்து ஆண்டும் ராணுவம் அவரைக் கைவிடவில்லை. நான்கு ஆண்டில் வீட்டுக்கு அனுப்பப்படும் ஒரு தம்பிக்கு அடுத்த குதிப்பு எங்கே, யார் செலவில் என்பதற்கு அல்சூரிலும் பதில் இல்லை, ஆக்ராவிலும் இல்லை.