தட்டு தேயவில்லை

"தட்டு தேஞ்சுபோச்சு, எடுத்துருங்கடா" என்று அடுப்படியிலிருந்து அப்பத்தா சத்தம் போட்டதுதான் அந்த இசைத்தட்டுக்கு எங்கள் வீட்டில் கிடைத்த முதல் விமர்சனம். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்களிடம் இருந்த பாகவதர் தட்டுகளில் கீறல் விழுந்த இடத்தில் ஊசி மாட்டிக்கொண்டு சொன்னதையே சொல்லும். இதிலும் பியானோ நகராமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியப்பா ஊசியைத் தூக்கப் போனார். தாத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருடா, மேல ஒருத்தன் வாசிக்கிறான் பாரு."

எனக்கு அப்போது ஒன்பது வயது. புதுக்கோட்டையில், கீழ ராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பெரியப்பா சரக்குக் கப்பலில் இன்ஜினியர். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். அந்த முறை பெட்டியில் துணிகளுக்கு நடுவே இந்த எல்.பி. இருந்தது. ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக் குழுவின் 'டைம் அவுட்'. அட்டையில் ஆள் படமே கிடையாது. சின்னதும் பெரிதுமாக வட்டங்களும் கோடுகளும் கொண்ட ஓவியம் மட்டும்தான். நீல் ஃபுஜிடா வரைந்தது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் அதை மாட்டுவண்டிச் சக்கரம் என்றுதான் நினைத்தேன்.

தாத்தா மிருதங்கம் படித்தவர். கச்சேரி வாசித்துப் பேர் வாங்கியவரில்லை. ஆனால் தாள வித்வான் மான்பூண்டியா பிள்ளையின் ஊர்க்காரன் என்கிற திமிர் கொஞ்சம் உண்டு. வெள்ளைக்காரனுக்கு நாலும் மூன்றும் விட்டால் கணக்கு வராது என்பது அவர் கட்சி. முதல் பக்கத்தின் முதல் பாட்டு 'ப்ளூ ரோண்டோ அ லா டர்க்' ஓடத் தொடங்கியதும் அவர் விரல்கள் தொடையில் தட்ட ஆரம்பித்தன. வாய் தானாகச் சொல்லிற்று: தகதிமி தகதகிட, தகதிமி தகதகிட, தகதிமி தகதகிட. ஒன்பது ஒன்பதாக மூன்று முறை. அடுத்த ஒன்பதை மட்டும் மூன்று துண்டாக உடைத்து, தகிட தகிட தகிட. "சங்கீர்ணம்டா! நம்மகிட்டேருந்து எடுத்துட்டுப் போயிருக்கான்" என்று துள்ளினார். நடுவில் பாட்டு சாதாரண நாலுக்கு இறங்கியபோது, "ஏன்டா சதுஸ்ரத்துக்கு வந்துட்டான்?" என்று முகத்தைச் சுளித்தார். எனக்கு இன்றும் அந்த இடம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. தாத்தாவிடமிருந்து தொற்றிய வியாதி.

மூன்றாவது பாட்டுதான் அப்பத்தாவைச் சத்தம் போட வைத்த 'டேக் ஃபைவ்'. ஐந்தெண்ணிக்கை. நாம் கண்டத்தைத் தகதகிட என்போம். இவர்கள் திருப்பிப் போட்டு தகிட தக என்கிறார்கள். பால் டெஸ்மண்டின் சாக்ஸபோன் இழைந்து இழைந்து ஓய்ந்ததும் ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் தனியாக எழும்புகிறது. அவசரமே இல்லை. ஒரு அடி. அப்புறம் சும்மா இருக்கிறார். மறுபடி இரண்டு அடி. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகும் அந்தத் தனி முழுக்க, அடியில் ப்ரூபெக்கின் பியானோ அதே இரண்டு ஸ்வரச் சேர்க்கைகளைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. குழுவுக்குப் பெயர் அவருடையது. இந்தப் பாட்டில் தனக்கென்று ஒரு தனிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர்த் திருகோகர்ணம் கோயில் கச்சேரிகளில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிக் கூட்டம் காபிக்கு எழுந்துவிடும். பாடகரால் மட்டும் எழ முடியாது. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருப்பார். தாத்தா அதைத்தான் சொன்னார்: "பாட்டுக்காரன் தாளம் போடுறான். அவன் நிறுத்தினா இவன் விழுந்துருவான்." அப்பத்தா நம்பவில்லை. தட்டு தேய்ந்துவிட்டது என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

தாத்தாவின் 'நம்மகிட்டேருந்து' தப்பு. அந்த ஒன்பதை ப்ரூபெக் இஸ்தான்புல் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டார். 1958இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவர் குழுவை அனுப்பிய பயணம் அது. ஆனால் அதே பயணத்தில் குழு சென்னைக்கும் வந்தது. அங்கே மொரெல்லோ, பழனி சுப்ரமணிய பிள்ளையின் மிருதங்கத்தை நேரில் கேட்டார், அவரோடு வாசிக்கவும் செய்தார். அதற்கு அடுத்த வருஷம்தான் நியூயார்க்கில் 'டைம் அவுட்' பதிவானது. இதைப் படித்தபோது தாத்தா இல்லை. பழனி என்ற பெயரைக் கேட்டாலே சாய்ந்திருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இதைச் சொல்லியிருந்தால் மூன்று நாளைக்குத் தூங்கியிருக்க மாட்டார்.

ப்ரூபெக்கைப் பற்றி இன்னொன்றும் படித்தேன். 1960இல் அமெரிக்கத் தெற்கில் இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், கருப்பரான பாஸ் கலைஞர் யூஜின் ரைட்டை நீக்கிவிட்டு வரச் சொல்லின. மாட்டேன் என்று அத்தனை கச்சேரிகளையும் விட்டுக்கொடுத்தார். எனக்கு ஆச்சரியமாக இல்லை. அந்தப் பியானோவைக் கேட்டவர்களுக்கு இருக்காது. 'டேக் ஃபைவ்' அவர் எழுதியதும் அல்ல, டெஸ்மண்ட் எழுதியது. தமக்குப் பின் அதன் வருமானம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போகும்படி டெஸ்மண்ட் எழுதிவைத்தார்.

இந்தத் தட்டை இதுவரை கேட்காதவர்கள், டிரம்ஸ் தனி தொடங்கும் இடத்தில் டிரம்ஸை விட்டுவிட்டுப் பியானோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடையில் தகிட தக போட்டுக்கொண்டே வாருங்கள். கடைசிவரை விடாமல் போட்டுவிட்டால் எனக்கும் சொல்லுங்கள். நான் இன்னும் ஒரு இடத்தில் தவறவிடுகிறேன்.