இருநூறு நிமிஷத்துல எனக்கு எத்தனை?

எங்க காலேஜ் கேட்ல நின்னு 'பாஸ்கெட்பால் கோர்ட் எங்கே?'னு கேட்டுப் பாருங்க. பத்துல எட்டுப் பேர் முழிப்பாங்க. மீதி ரெண்டு பேர், "கேன்டீன் பின்னாடி துணி காயுமே... அங்கயா?"ம்பாங்க. அங்கயேதான்!

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி வரிசையா நிக்கிற இன்ஜினீயரிங் காலேஜ்கள்ல எங்களோடதும் ஒண்ணு. மெக்கானிக்கல் பிளாக்குக்கும் கேன்டீனுக்கும் நடுவுல ஒரு சிமென்ட் தரை. ரூல் புக் படி கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் இருக்கணும். எங்க கோர்ட்டோட அகலத்துல கொஞ்சத்தை கேன்டீன் அண்ணன் சிலிண்டர் அடுக்க எடுத்துக்கிட்டார். ஒரு பக்கத்து வளையத்துல வலை கிடையாது. பந்து உள்ளே போச்சா, வெளியே போச்சான்னு தினமும் பஞ்சாயத்து. இன்னொரு பக்கம் ஃப்ரீ த்ரோ கோட்டுல ஒரு பள்ளம். மழை பெஞ்சா தவளை வந்து உக்காரும்.

'ஒரு இடத்தைப் பத்தி எழுதிட்டு வா'ன்னு ஆபீஸ்ல சொன்னதும் கூட இருக்கிற இன்டர்ன் எல்லாம் ஏலகிரி, தரங்கம்பாடின்னு மூட்டை கட்டிட்டாங்க. நமக்கு ஹாஸ்டல்ல அவுட்பாஸ் வாங்கறதே எவரெஸ்ட் ஏறுற கதை. 'நான் தினமும் நிக்கிற இடத்தையே எழுதுறேன்'னு சொல்லிட்டேன். சும்மா கோர்ட்டைப் பார்த்தா என்ன எழுதறது? அதான், கூடவே எங்க நோட்டு.

கேர்ள்ஸ் டீம்ல ஒரு பழைய வழக்கம். புது சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, யார் எத்தனை நிமிஷம் ஆடுவாங்கன்னு ஒரு நாற்பது பக்க நோட்டுல எழுதி வெச்சிடணும். சீசன் முடிஞ்சதும் ஸ்கோர் ஷீட்டோட ஒப்பிட்டுப் பார்த்து, யாரோட கணக்கு ரொம்பத் தப்போ அவங்க மொத்த டீமுக்கும் முட்டை பப்ஸ். போன வருஷம் வரைக்கும் அந்த நோட்டு சீனியர் அக்காக்கள்கிட்ட இருந்துச்சு. நாலு பேர் பாஸ் அவுட் ஆயிட்டாங்க. நோட்டு இப்ப என் கையில.

கணக்கு சிம்பிள். மேட்ச் 40 நிமிஷம். ஒரு நேரத்துல 5 பேர். ஆக மொத்தம் 200 நிமிஷம். அதை மிச்சம் இருக்கிற ஒன்பது பேருக்குப் பிரிக்கணும். எங்க ஜெர்சி நம்பர் 4-ல ஆரம்பிச்சு 12-ல முடியும். முன்னாடி சர்வதேச மேட்ச்லயே 4-லேர்ந்து 15 வரைக்கும்தான் போடுவாங்க, அந்தப் பழக்கம் எங்க ஜெர்சி மூட்டையில இன்னும் மாறலை. பேரைப் போட்டா உதைப்பாளுங்க. அதனால இங்கே எல்லாரும் நம்பர்தான். நான் 11.

4-ம் நம்பர் கேப்டன், ஃபைனல் இயர். பந்தைக் கொண்டு போறதே அவதான், 34 நிமிஷம். ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூவும் மேட்ச்சும் ஒரே நாள்ல வந்தா அந்த 34-ம் காலி. 5-ம் நம்பர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வந்தவ. போன்ல வால்பேப்பரே அனிதா பால்துரைதான். சென்னையில இருந்து போய் பல வருஷம் இந்தியாவுக்கு ஆடி, கேப்டனா இருந்து, 2021-ல பத்மஸ்ரீ வாங்கினவங்களாச்சே! 5-க்கும் 34. 7-ம் நம்பர் உயரம், அதனால 30. மேத்ஸ் அரியர் இருக்கு, அதுக்காக எங்க பி.டி. சார் நிமிஷத்தைக் குறைக்க மாட்டார். ஆனா அவங்க அம்மா குறைப்பாங்க. 8-க்கு 28. மத்த மூணு பேரும், 9-ம் 10-ம் 12-ம், ஆளுக்கு 20, 12, 6. புதுசா ஃபர்ஸ்ட் இயர்ல யாராவது ஆறடியில வந்து இறங்கினா மொத்தக் கணக்கையும் கிழிச்சுப் போட்டுட வேண்டியதுதான்.

பாக்கி 36 நிமிஷம். அது எனக்கும் 6-ம் நம்பருக்கும்.

6 எங்க டீம்லயே பெஸ்ட் ஷூட்டர். த்ரீ பாயின்ட் கோடு வளையத்துலேர்ந்து 6.75 மீட்டர். அங்கேர்ந்து நான் போட்டா பந்து போர்டைத் தொட்டாலே கைதட்டுவாங்க. அவ போட்டா, வலை இல்லாத வளையத்துல சத்தமே இல்லாமப் போகும். ஆனா அவ டே ஸ்காலர். செங்கல்பட்டுலேர்ந்து காலேஜ் பஸ். பிராக்டிஸ் சாயந்தரம் 4.15-க்கு ஆரம்பம். பஸ் 4.20-க்குக் கிளம்பும். அஞ்சு நிமிஷத்துல ஷூ லேஸ்தான் கட்ட முடியும்.

பி.டி. சார் ரூல் ஒண்ணுதான். "பிராக்டிஸுக்கு வராதவ ஸ்டார்ட்டிங் ஃபைவ்ல கிடையாது." இதுல அவரைத் திட்டவும் முடியாது. யார் எங்க ஓடணும், எந்த நேரத்துல பந்து வரும்னு பழகாத ஆளை உள்ளே விட்டா நாலு பேர் ஒரு பக்கம் ஓட, அவ இன்னொரு பக்கம் நிப்பா. அதனால போன வருஷம் அவளோட இடத்துல ஆடினது யாரு? நான்தான். எனக்கு ஹாஸ்டல். பஸ் கிடையாது. என் திறமை அதுதான்!

போன சீசன் ஜோனல் மேட்ச் ஞாபகம் இருக்கு. வேற காலேஜ்ல நடந்துச்சு, திரும்ப ராத்திரி ஆகும்னு 6-ஐ வீட்டுல அனுப்பலை. ஏழு பேர் போனோம். ரெண்டாவது குவார்ட்டர்ல ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. கடைசிக் குவார்ட்டர்ல ரெண்டு பேர் அஞ்சு ஃபவுல் ஆகி அடுத்தடுத்து வெளியே வந்தாச்சு. பெஞ்ச்ல உக்காந்திருக்கிற யாராலும் உள்ளே போக முடியாது. மிச்சம் நாலு பேர் அஞ்சு பேரோட ஆடினோம். ரூல்படி ரெண்டு பேர் மிச்சம் இருக்கிற வரைக்கும் ஆடலாமாம். நான் அன்னிக்கு 11 ஷாட் போட்டேன். உள்ளே போனது 2. தோத்தோம். எவ்வளவுலனு கேக்காதீங்க, ப்ளீஸ்.

அதனால நோட்டுல முதல்ல எழுதினது: 6-க்கு 14 நிமிஷம், 11-க்கு 22. ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து எழுதின நியாயமான கணக்கு. எழுதி முடிச்சுட்டு, 'பரவாயில்லையே, இருபதைத் தாண்டிட்டோம்'னு எனக்கு நானே சிரிச்சுக்கிட்டேன்.

அதோட விட்டிருக்கலாம். கட்டுரைக்குக் கொஞ்சம் சரித்திரம் வேணுமேன்னு ஒரு ஞாயித்துக்கிழமை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரிக்குக் கிளம்பினேன். துணைக்கு 5-ம் 6-ம். கிண்டி வரைக்கும் எலெக்ட்ரிக் ட்ரெயின். அங்கேர்ந்து மெட்ரோ. சின்னமலை, சைதாப்பேட்டை, மூணாவது ஸ்டேஷன் நந்தனம். ஜனவரியில புத்தகக் கண்காட்சிக்குப் போய் வந்தவங்களுக்கு அந்த மைதானம் தெரிஞ்சிருக்கும். ஸ்டால் எதுவும் இல்லாம அதைப் பார்த்தா வேற ஊர் மாதிரி இருக்கு. அவ்ளோ மரம். வெளியே அண்ணா சாலையில ஹாரன் அலறுது, உள்ளே விசில் சத்தம் மட்டும்தான்.

ஏன் அங்கே? 1891 டிசம்பர்ல அமெரிக்காவுல ஸ்ப்ரிங்ஃபீல்ட்ங்கிற ஊர்ல, ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில ஜேம்ஸ் நெய்ஸ்மித்ங்கிற வாத்தியார், பனிக்காலத்துல பசங்களை உள்ளேயே ஓட வைக்க பீச் பழக் கூடையை மாட்டிக் கண்டுபிடிச்சதுதான் இந்த விளையாட்டு. அதே ஸ்ப்ரிங்ஃபீல்ட் பள்ளியில படிச்ச ஹாரி க்ரோ பக்ங்கிறவர்தான் மெட்ராஸுக்கு வந்து 1920-ல இந்தக் கல்லூரியை ஆரம்பிச்சார். எங்க கேன்டீன் பின்னாடி இருக்கிற பள்ளம் விழுந்த கோர்ட்டுக்கு இப்படி ஒரு பூர்விகம்!

மரத்தடியில உக்காந்து இதையெல்லாம் ரெண்டு பேருக்கும் 'லெக்சர்' அடிச்சேன். நெய்ஸ்மித் வகுப்புல இருந்தது 18 பேர். அதனால முதல் மேட்ச்சே ஒரு பக்கம் 9, இன்னொரு பக்கம் 9. பெஞ்ச்னு ஒண்ணே கிடையாது. ("நாமளும் ஒன்பதுதான்டீ, எல்லாரும் ஆடியிருக்கலாம்"னு 5 ஏங்கினா.) அப்புறம் அஞ்சு பேர்னு ஆச்சு. அமெரிக்க ரூல்ல ஒரு காலத்துல வெளியே போன ஆள் மறுபடி உள்ளே வரவே கூடாது. 1920-21 சீசன்லதான் ஒரே ஒரு தடவை திரும்பி வரலாம்னு விட்டாங்க. எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திக்கலாம்னு வந்தது 1944-45-ல. நாங்க நோட்டுல எழுதற 'ரொட்டேஷன்' எல்லாம் அதுக்கப்புறம் வந்த சமாசாரம்.

பொண்ணுங்க ஆட ஆரம்பிச்சது 1892. ஸ்மித் காலேஜ்ல சென்டா பெரென்சன்ங்கிற டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா கோர்ட்டை மூணு பகுதியாப் பிரிச்சு, அவங்கவங்க பகுதியைத் தாண்டக் கூடாதுன்னு ரூல். இதைச் சொன்னதும் 6 பொசுக்குனு சொன்னா: "இப்ப மட்டும் என்னவாம்? நான் பஸ் பகுதி, நீ ஹாஸ்டல் பகுதி."

சிரிச்சோம். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

அவங்க அம்மா மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தாங்க. ஹாஸ்டல் சாம்பார் சாப்பிடற யாராவது இதுக்கு 'நோ' சொல்வாங்களா? கிண்டியில செங்கல்பட்டு வண்டியைப் பிடிச்சோம். திரிசூலத்துல மலை, பக்கத்துலயே ஏரோப்ளேன். தாம்பரம் வரைக்கும் நின்னுக்கிட்டு, வண்டலூர் தாண்டி சீட். எங்க ஸ்டேஷன் வந்து போனப்ப காலேஜ் வாட்டர் டேங்க் தெரியுதான்னு எட்டிப் பார்த்தேன், தெரியலை. மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில், பரனூர்... அதுக்கப்புறம் சட்டுனு ஜன்னல் முழுக்கத் தண்ணி. கொளவாய் ஏரி. மூணு வருஷமா இதே லைன்ல படிக்கிறேன், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "தினமும் பஸ்ல போறதால நானே அடிக்கடி பார்க்கறதில்லை"ன்னா 6.

அவங்க அப்பாவுக்கு மறைமலைநகர்ல ஷிப்ட் வேலை. இந்த லைன்ல ஓடற ட்ரெயின் டைமெல்லாம் மனப்பாடம். மீன் குழம்பு ரெண்டாவது ரவுண்டு வரும்போது 5 ஆரம்பிச்சா. "அங்கிள், இவ மட்டும் பிராக்டிஸுக்கு வந்தா இந்த வருஷம் நாம ஜோனல்ல ஜெயிச்சிடலாம்."

அவர் கோபப்படலை. அதுதான் பயமா இருந்துச்சு. "பிராக்டிஸ் எத்தனை மணிக்கு முடியும்?"

"5.45 அங்கிள்."

"ஸ்டேஷன் எவ்ளோ தூரம்?"

"ரெண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ இருக்கு."

மனசுக்குள்ள ஏதோ கணக்குப் போட்டார். "ஆறு மணி வாக்குல ஒரு வண்டி இருக்கு. அதுல ஏறிட்டா ஏழுக்குள்ள இங்க. பகல் ஷிப்ட் வாரத்துல நான் ஸ்டேஷன்ல நிப்பேன், மத்த நாள்ல அவ அம்மா வருவா. அது பிரச்னை இல்லம்மா. உங்க காலேஜ்லேர்ந்து ஸ்டேஷன் வர்ற ரோடு இருக்கு பாரு... லைட்டு கிடையாது. தனியா வர வேணாம். கூட யாராவது வர்றதுன்னா சொல்லுங்க, பஸ்ஸை நிறுத்திடலாம்."

5-ம் நம்பர் ஹாஸ்டல்தான். ஆனா பிராக்டிஸ் முடிஞ்சதும் அவளுக்கு ஜிம். 4-க்கு ப்ளேஸ்மென்ட் கிளாஸ். எல்லாரும் என்னையே பார்த்தாங்க. அவங்க அம்மாகூட கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு.

"நான் வர்றேன் அங்கிள். எங்க ஹாஸ்டல் இன்-டைம் 6.30. கொண்டு வந்து ஏத்திவிட்டுட்டுத் திரும்பிடலாம்."

"தினமுமா?"

"தினமும்."

வாய் சொல்லிடுச்சு. கணக்கு அப்புறம்தான் வந்தது. திரும்பி வர்ற ட்ரெயின்ல அதே ஏரி, இந்த ஜன்னல்ல இப்ப வெயில் சாஞ்சிருந்துச்சு. 5 ஹெட்போன் மாட்டிக்கிட்டுத் தூங்கிட்டா. நான் நோட்டை எடுத்தேன். 200 நிமிஷம் 200-தான், 201 ஆகாது. 6 சாயந்தரம் நின்னா, ஒழுங்கா ஆடத் தெரிஞ்ச எந்த கோச்சும் அவளுக்கு முப்பது நிமிஷம் குடுப்பார். அந்த நிமிஷம் 4-கிட்டேர்ந்து வராது, 7-கிட்டேர்ந்து வராது. நாங்க ரெண்டு பேரும் ஒரே பொசிஷன்.

14-ஐ அடிச்சுட்டு 30. 22-ஐ அடிச்சுட்டு 6.

பொய் சொல்ல விரும்பலை. அந்த 6-ஐ எழுதறப்ப வலிச்சுது. இது எனக்குக் கடைசிக்கு முந்தின சீசன். ஊர்ல அப்பாகிட்ட 'ஸ்டார்ட்டிங் ஃபைவ்ல இருக்கேன்'னு சொல்லி வெச்சிருக்கேன். அவருக்கு பாஸ்கெட்பால்ல எத்தனை பேர்னே தெரியாது. ஆனாலும் தெருவெல்லாம் சொல்லியிருப்பார். ஒரு நிமிஷம், 'வார்டன் விடமாட்டேங்கறாங்க'ன்னு சொல்லிடலாமான்னுகூட யோசிச்சேன். யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. எங்க வார்டனைத் தெரிஞ்சவங்க நிச்சயமா மாட்டாங்க.

ராத்திரி 6 மெசேஜ் போட்டா. 'ஏய், நீ யோசிச்சுதானே சொன்னே?' நான் அந்த நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம், 'எனக்கு 30 முடியாது. மூச்சு வாங்கும். 26 போடு'ன்னு வந்துச்சு. சரி, பத்து போட்டுக்கலாம் நமக்கு. இருந்தும் நோட்டுல 30-ஐ மாத்தலை. ஒரு மாசம் ஓடினா மூச்சு வந்துடும், எனக்குத் தெரியும்.

திங்கள்கிழமை 4.20-க்கு பஸ் கிளம்பினப்ப 6 கோர்ட்டுல இருந்தா. பஸ் டிரைவர் அண்ணன் ரெண்டு தடவை ஹாரன் அடிச்சுப் பார்த்துட்டுப் போயிட்டார். பி.டி. சார் எதுவும் கேக்கலை. அவளை ஸ்டார்ட்டிங் ஃபைவ் பக்கம் நிறுத்தினார், எனக்கு மத்த டீமோட கலர் வெஸ்ட்டைத் தூக்கிப் போட்டார். அன்னிக்கு முழுக்க அவளை மார்க் பண்ணினது நான்தான். மூணு தடவை என் தலைக்கு மேல போட்டுட்டா. ஒரு தடவை பந்தைப் பிடுங்கிட்டேன். அவ ஷூட் பண்றதுக்கு முன்னாடி இடது தோளை லேசா இறக்குவா. இது இப்போதைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்.

5.48-க்கு ஷேர் ஆட்டோ. நிஜமாவே அந்த ரோட்டுல லைட்டு இல்லை. ப்ளாட்ஃபாரத்துல லேடீஸ் கம்பார்ட்மென்ட் வந்து நிக்கிற இடத்துல அவளை ஏத்திவிட்டேன். திரும்பறப்ப ஆட்டோ கிடைக்கலை. பையை முதுகுல இறுக்கிக் கட்டிக்கிட்டு ஓட ஆரம்பிச்சேன். ஹாஸ்டல் ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டப்ப மணி 6.26.