சட்டம் எந்தப் பக்கம்?

காங்கயம் பக்கம் ஒரு விவசாயி. கொறங்காட்டில் கிளுவை வேலி பட்டுப்போன இடத்தில் கம்பம் நட்டு, குறுக்குச் சட்டம் போட்டார். பாதையில் போவோருக்கு அழகாய்த் தெரியட்டும் என்று சட்டத்தை வெளிப்புறம் அடித்தார். காளை உரசியதில் ஆணி பிடுங்கிக்கொண்டது. கம்பமும் சாய்ந்தது. மாடுகள் எதிரே பங்காளியின் சோளத்தில் இறங்கின. கதிரோடு பேச்சுவார்த்தையும் போயிற்று.

சட்டம் உட்புறம் இருந்தால், மாடு தள்ளத் தள்ளக் கம்பத்தோடு இறுகும். இம்முறை அப்படியே அடிக்க முடிவு செய்தார். கம்பத்தை இரண்டடி ஆழத்தில் இறக்கிக் கெட்டித்தார். மரம் மண்மட்டத்தில்தான் முதலில் மக்கும். அதற்குள் உயிர்வேலி எழும்பட்டும் என்று இடையிடையே கிளுவைக் குச்சிகளும் ஊன்றினார்.

சோளத்துக்கு ஈடு கொடுத்திருந்தார். கடைசிக் கம்பம் நடுகையில் பங்காளி வந்து நின்றார்.

“நான் புடிக்கறனுங்ணா. நீங்க மண்ணத் தள்ளுங்க.”