வன்னிக் கொம்பறையும் யாழ்ப்பாணத்து அடுப்பும்

ஒரு நாட்டின் சமையலை அறிய விரும்புவோர் முதலில் அந்நாட்டின் மழையை அறிதல் வேண்டும். இலங்கையின் தென்மேற்குப் பகுதியில் ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் மழை பெய்கின்றது. அங்கே காய்கறியும் கிழங்கும் எந்நாளும் பச்சையாகக் கிடைக்கும். வடபுலத்து நிலை வேறு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களிலேயே ஆண்டு மழையிற் பெரும்பகுதி பொழிந்து முடிகின்றது. தை பிறந்ததும் வானம் வெளுக்கும். சித்திரையிற் சிறிது மழை வந்தாலும், ஆடி ஆவணிக் காற்றில் மண் புழுதியாய்ப் பறக்கும். மூன்று மாத மழையில் விளைந்ததைக் கொண்டு பன்னிரண்டு மாதமும் உண்ண வேண்டிய மக்கள் இங்குள்ளோர். ஆதலால் இவர்களது சமையலிற் பெரும்பகுதி சேமித்து வைத்த தானியத்தின் சமையலாகவே வளர்ந்தது.

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிக் கண்டி வீதி வழியே மாசி மாதத்திற் பயணஞ் செய்வோர் இதனைக் கண்ணாரக் காணலாம்.

வவுனியா மாவட்டம் உழுந்துக்குப் பெயர்பெற்றது. காடு திருத்திய மேட்டு நிலங்களில் மாரி மழையுடன் விதைக்கப்படும் உழுந்து, ஏறக்குறைய மூன்று மாதத்தில் முற்றிவிடுகின்றது. செடியை வேரோடு பிடுங்கி, வெயிலிற் காயவிட்டு, தடியால் அடித்து, சுளகிற் புடைத்து எடுப்பர். அறுவடை வேளையில் மழை பெய்துவிட்டால், ஒரு குடும்பத்தின் ஆண்டு உழைப்பு நெற்றுக்குள்ளேயே முளைத்துப் போகும். உழுந்து வடையை வாயிலிடும் நாம் இதனை நினைப்பதில்லை.

விளைந்ததைக் காப்பது அடுத்த வேலை. கம்புகளை வரிந்து, மண்ணுஞ் சாணமும் பூசி, நிலத்தில் ஈரம் ஏறாவண்ணம் உயர்த்தி, மேலே கூரையிட்டு அமைத்த கொம்பறைகள் முன்னாளில் வன்னி வளவுகளின் செல்வக் குறியாய் விளங்கின. நெல் கொம்பறையில் இருந்தது. உழுந்தும் பயறும் மட்பானைகளில் இருந்தன. அவற்றின் பகை வண்டு. வண்டு முழுப் பயற்றின் தோலில் முட்டையிடும். குஞ்சு உள்ளே துளைத்துச் சென்று பருப்பைத் தின்னும். இதற்காகவே நம் முன்னோர் தானியத்தை வெயிலில் நன்கு உலர்த்தினர்; விதைக்கு வைத்ததைச் சாம்பலிற் புரட்டினர்; வேப்பிலையை இடையிடையே இட்டனர்; உணவுக்கு வைத்ததைத் திரிகையில் உடைத்துப் பருப்பாக்கி வைத்தனர். உடைத்த பருப்பை வண்டு அத்துணை விரும்புவதில்லை. இன்று சீமெந்துத் தரையும் பிளாத்திக்கு வாளியும் வந்துவிட்டன. ஆயினும் முறை மாறவில்லை: நன்றாக உலர்ந்த பின்பே மூடுதல் வேண்டும்.

இனி, அடுப்பைப் பார்ப்போம். உழுந்து என்றதும் பலருக்குத் தோசையும் வடையுமே நினைவுக்கு வரும். ஊறவைத்து அரைத்தல் ஒருவழி. வறுத்து மாவாக்கல் மற்றொரு வழி. வாசம் எழுமளவும் வறுத்து இடித்த உழுத்தம் மா, தகரத்தில் அடைத்து வைத்தால் நெடுநாள் இருக்கும். தேங்காய்ப் பாலிற் பனங்கட்டியைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, உழுத்தம் மாவும் சிறிது வறுத்த அரிசி மாவும் தூவி, கட்டி படாமற் கிளறி, நல்லெண்ணெய் விட்டு இறக்கினால் உழுத்தங்களி. பூப்பெய்திய பெண்ணுக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் இதனைக் கொடுப்பது வழக்கம். அரிசி மாவும் உழுத்தம் மாவும் கலந்து அவித்த புட்டு, ஒரு சம்பலுடன் காலை உணவை நிறைவாக்கும்.

வீதி வடக்கே செல்லக் காடு விலகிக் கிளிநொச்சியின் வயல்வெளி விரிகின்றது. கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்கும் இரணைமடுக் குளம் இவ்வயல்களின் தாய். நெல் அறுத்த பின் மண்ணில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு பயறு விளைவிக்கும் உழவர்கள் இங்குண்டு. மாணவர் இதனை ஊன்றி நோக்குக: பயற்றஞ் செடியின் வேரிலுள்ள சிறு முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன. பயறு விளைந்த நிலம் வளம் பெறுகின்றது. நெல்லுக்குப் பின் பயறு என்பது உழவனுக்கு வரவும் வயலுக்கு உரமும் ஆகும்.

பயற்றின் சுவை வறுப்பில் இருக்கின்றது. ஒரு சுண்டு பயற்றை இளஞ்சூட்டிற் பொன்னிறமாக வறுத்துப் பின் அவித்தால், பச்சை வாசம் நீங்கி, நெய் மணம் போன்றதொரு மணம் பிறக்கும். அதற்குத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் இட்டால் பிள்ளைகளுக்கு. கட்டைச் சம்பல் வைத்தால் பெரியோருக்கு. வறுத்த பயற்றை மாவாக்கி, வறுத்த அரிசி மாவும் சர்க்கரைப் பாகும் மிளகும் ஏலமும் சேர்த்து உருண்டையாக்கி, அரிசிமாக் கரைசலில் தோய்த்துப் பொரித்தெடுப்பதே பயற்றம் பணியாரம். பிரயாணத்திற் கட்டிச் செல்ல இதனினும் ஏற்றது அரிது.

ஆடிப்பிறப்பன்று வடபுலத்து வீடுகளில் மணக்கும் ஆடிக்கூழிலும் பயறுண்டு. அரிசி மா, வறுத்த பயறு, தேங்காய்ச் சொட்டு, தேங்காய்ப் பால், பனங்கட்டி ஆகிய யாவும் வளவிலும் வீட்டிலும் கிடைப்பவை. பலாவிலையைக் கோலி அதில் அள்ளிக் குடித்த சுவையை நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு பிள்ளைகளின் நாவில் நிலைநிறுத்தியுள்ளது. ஆடியிற் புதுக்காய்கறி அரிது. ஆதலால் இந்தப் பண்டிகைப் பண்டமும் சேமிப்பிலிருந்தே பிறந்தது.

நிற்க. கிளிநொச்சி மாவட்டத்தின் பரந்தனிலிருந்து கிழக்கே திரும்பும் வீதி முல்லைத்தீவுக்குச் செல்கின்றது. அவ்வழியின் முடிவிலுள்ள கடற்கரை ஊர்களைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடித்தல் முறையன்று. 2009 ஆம் ஆண்டிற் போரின் இறுதி மாதங்களில் முள்ளிவாய்க்காற் கரையில் நெருங்கிக் கிடந்த மக்களுக்கு உணவாயிருந்தது அரிசிக் கஞ்சி. தேங்காய் இல்லை, பயறு இல்லை, அரிசியும் நீரும், கிடைத்தால் உப்பும். இன்றும் ஆண்டுதோறும் வைகாசியில் அக்கஞ்சியைக் காய்ச்சி வழங்கி மாண்டோரை நினைவுகூருகின்றனர். கையிலிருக்கும் ஒரு சுண்டு அரிசி எத்தனை பேருக்குப் போதும் என்ற கணக்கை இம்மக்கள் ஏட்டிற் படித்ததில்லை.

பரந்தனுக்கு மீண்டு வடக்கே சென்றால் ஆனையிறவு. இருமருங்கும் உவர்நீர்; வெயிலில் வெண்மையாய்த் தெரியும் உப்பளம். பருப்புக்கு உப்பிடும் காலம் எது என்பது இல்லத்தரசிகளிடையே பழைய வழக்கு. முன்னரே உப்பிட்டால் பருப்பு வேகாது என்பர் பலர். ஆராய்ந்தோர் அவ்வாறு கூறவில்லை. கடலை, கௌபி போன்ற தடித்த தோலுள்ளவற்றை ஊறவைக்கும் நீரில் சிறிது உப்பிட்டால், தோல் மென்மையடைந்து நன்றாகவே வேகும். பருப்பை இறுக்குபவை வேறு இரண்டு: ஒன்று புளி, மற்றொன்று நீரிலுள்ள சுண்ணாம்பு. ஆதலின் புளியும் தக்காளியும் பருப்பு மலர்ந்த பின்னரே சேர்த்தல் வேண்டும்.

சுண்ணாம்பின் கதை ஆனையிறவைத் தாண்டியதுந் தொடங்குகின்றது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த நிலம். ஆறு இல்லை, கிணறே கதி. கல்லினூடே ஊறிவரும் கிணற்று நீரிற் சுண்ணாம்பு கரைந்திருக்கின்றது. கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாய்ப் படிவது அதுவே. இந்நீரிற் பருப்பு மெல்லவே வேகும். ஒரே கடலை ஒரு வீட்டில் ஒரு மணி நேரத்தில் வேகவும், இன்னொரு வீட்டில் இரண்டு மணியாகியும் வேகாதிருக்கவும் நீரே காரணமாகலாம். பருப்பவிக்க இன்ன கிணற்று நீர் நல்லது என்று மூதாட்டியர் சொன்னதில் அறிவியல் இருந்தது. மழைநீரைத் தேக்கி வைத்தவர் அதனை இதற்கெனப் பயன்படுத்தலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட பழங்கடலை வேகாது அடம்பிடித்தால், ஊறும் நீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா இடுவது போதும். மிகுந்தால் சுவை கெடும்.

குடாநாட்டிற் சேமிப்பின் அரசி பனை. பனங்கொட்டையைப் பாத்தியிற் புதைத்து எடுத்த கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரிலிட்டு வடித்துக் கயர்ப்பை நீக்கிய பின், மீன், நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி ஆகியவற்றோடு காய்ச்சுவது ஒடியற்கூழ். குரக்கனும் இவ்வகையிற் சேர்ந்ததே. நன்கு உலர்ந்த குரக்கன் பல ஆண்டுகள் பூச்சி அணுகாமற் கிடக்கும். குரக்கன் மாவைத் தனியே அவித்தால் புட்டு இறுகிப்போகும் என்போர், மாவை முன்னதாக வறுத்து, தேங்காய்ப்பூவைத் தாராளமாக இட்டுப் பிசைந்து பார்க்க.

மைசூர்ப் பருப்போ நம் மண்ணில் விளைவதன்று. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலேறி வருகின்றது. ஆயினும் இன்று இப்பருப்புக் கறியில்லாத வீடில்லை. ஊறவைக்க வேண்டாத இப்பருப்பு கால் மணி நேரத்தில் வெந்துவிடுகின்றது. மஞ்சள், பச்சை மிளகாய், உள்ளி இட்டு அவித்து, முதற்பாலைக் கடைசியில் விட்டு, கடுகு, வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால், அரிசிச் சோறும் பாணும் இடியப்பமும் அதனை வரவேற்கும். முருங்கையிலையை இறுதியிற் சேர்த்தால் கறி இரட்டிப்பாகும், சத்தும் அவ்வாறே.

ஆனால் கப்பலையும் வீதியையும் நம்பிய உணவு எத்தகையது என்பதை வடபுலம் அறியும். 1990 முதல் நெடுங்காலம் பொருளாதாரத் தடை இருந்தது. கண்டி வீதி 2002 இல் திறந்து 2006 இல் மறுபடியும் மூடப்பட்டது. மண்ணெண்ணெயும் விறகும் அருகிய அந்நாட்களில், இரவே ஊறவைத்த கடலை பாதி விறகில் வெந்தது. போரில்லாத காலத்திலுங் கதை முடியவில்லை. 2020 இல் உழுந்து, பயறு முதலியவற்றின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து உழுந்தின் விலை பன்மடங்கு ஏறியது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிற் பருப்பும் எரிவாயுவும் ஒருங்கே எட்டாப் பொருளாயின. அப்பொழுது எத்தனை வீடுகளில் ஒடியலை நீரிலிட்டு வடிக்கத் தெரிந்தவர் இருந்தனர்? பயற்றை எதுவரை வறுப்பதென்று கேட்க எத்தனை வீடுகளில் அம்மம்மா இருந்தார்?

மூட்டை அடுக்கி வைத்தல் மட்டும் சேமிப்பாகாது. மூட்டையைச் சோறாக்கும் அறிவையும் சேமித்தல் வேண்டும். சோற்றில் குறைந்த ஒருவகைப் புரதச் சத்துப் பருப்பில் உண்டு. பருப்பிற் குறைந்தது சோற்றில் உண்டு. இரண்டையும் ஒருங்கே உண்ணும் நம் வழக்கம் ஏழை வீட்டிலும் உடலை வளர்த்தது.

இல்லத்தரசிகளுக்கும் மாணவருக்கும் ஒரு யோசனை கூறலாம். வாங்கிய மாதத்தைப் போத்தலின்மேல் எழுதி ஒட்டுக. பழையதை முன்னும் புதியதைப் பின்னும் வைக்க. மாதம் ஒருமுறை வெயிலிற் பரப்புக. வாரத்தில் ஒருநாள் சந்தைக்குச் செல்லாமல், வீட்டிலுள்ள தானியத்தை மட்டுங்கொண்டு சமைக்க. அந்நாளில் வீட்டு மூத்தோரை அடுப்பருகே அமர்த்தி, பிள்ளைகளைக் கொண்டு வறுப்பித்தும் இடிப்பித்தும் பழக்குக. நவராத்திரியிற் பள்ளிக்கூடத்தில் உண்ணும் அவித்த கடலையும் கௌபியும் எவ்வாறு வெந்தன என்பதைப் பிள்ளை அறிந்தால், அவ்வறிவு எந்த வீதி மூடினும் அதனோடு இருக்கும்.