பரணில் கிடக்கும் மடிக்கணினியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

2011-ல் தொடங்கி நம் அரசு மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்துப் போன பலரும் பின்னாளில் அதை வாங்கினீர்கள். அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸும் இருந்தது. அதை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. இப்போது அவை "ஸ்லோ" என்று பரணில் கிடக்கின்றன.

லினக்ஸ் 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. காசு கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கலாம், மாற்றலாம். இதில் எடை குறைந்த வகைகள் உண்டு. டெபியனை எக்ஸ்எஃப்சிஇ திரையுடன் போட்டால் 2 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியும் நன்றாகவே ஓடும்.

எங்கள் வீட்டில் இதற்குத் தேவை வந்தது தண்ணீர்த் தொட்டியால். தொட்டி நிறைந்ததா என்று பார்க்க இரும்பு ஏணியில் ஏற வேண்டும். போன ஐப்பசி மழையில் என் துணைவியாருக்குக் கால் வழுக்கிவிட்டது. நல்லவேளை, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஒன்பதாவது படிக்கும் பேத்தி அதைக் கேட்டுவிட்டு, "இனி யாரும் மேலே ஏற வேண்டாம் தாத்தா" என்று வேலையில் இறங்கினாள்.

ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கையில் அடங்கும் கணினி. 2012-ல் இங்கிலாந்தில், பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகட்டும் என்று கொண்டுவந்தார்கள். அதிலும் ஓடுவது லினக்ஸ்தான். தொட்டி மூடியின் உட்புறம் நீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார். அது நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைப் பை அளக்கும். வேகத்தை நேரத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். போகவும் வரவும் சேர்த்த நேரம் என்பதால் இரண்டால் வகுக்கிறோம். சென்சார் தருவது 5 வோல்ட், பை தாங்குவது 3.3 வோல்ட். நடுவில் இரண்டு மின்தடைகள் வைத்துக் குறைக்க வேண்டும். கணக்கிட்ட அளவு வைஃபை வழியாகக் கூடத்திலுள்ள பழைய மடிக்கணினிக்கு வருகிறது.

மூன்றாம் நாள் ஒரு வேடிக்கை. மோட்டார் போடாமலே மதியத்தில் தண்ணீர் சுமார் 2 செ.மீ. ஏறியதாகக் காட்டியது! சென்சார் கெட்டுவிட்டது என்றேன். பேத்தி ஒப்புக்கொள்ளவில்லை. நான்கு நாள் வேளாவேளைக்குக் குறித்து வைத்தாள். வெயில் ஏற ஏற "தண்ணீரும்" ஏறியது. காரணம் காற்றின் வெப்பம். 20 டிகிரியில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 மீட்டர் கூடும். அவள் நிரலில் 343 என்றே வைத்திருந்தாள். வெப்பத்தையும் அளந்து கணக்கில் சேர்த்ததும் சரியாகிவிட்டது. புத்தகத்தில் ஒரு வரியாகப் போய்விடும் பாடம் இது. இனி அவள் ஆயுளுக்கும் மறக்க மாட்டாள்.

அதே மடிக்கணினியில் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளும் போட்டிருக்கிறாள். தமிழ் விக்கிப்பீடியாவின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை ஒருமுறை இறக்கிவிட்டால் போதும். இணையம் இல்லாமலே வீட்டு வைஃபையில் எல்லோரும் படிக்கலாம். தெருப்பிள்ளைகள் நாலு பேர் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.

உங்களுக்கு மூன்று வேண்டுகோள். பரணிலிருந்து இறக்கியதும் பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீங்கியிருந்தால் சார்ஜ் போடாமல் கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். பழைய படங்கள், சான்றிதழ்கள் இருந்தால் முதலில் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளைகளிடம் கொடுத்து, "இதில் நம் வீட்டுக்கு என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். கெட்டுவிடும் என்று தடுக்காதீர்கள்.

தேவையில்லாத மடிக்கணினி இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். இங்கே கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.