38 கிலோமீட்டர் ஆகாயம்

மேப்பில் ஸ்கேல் வைத்து அளந்தேன். நார்வேயின் வடகிழக்கு மூலையில் வாட்ஸோ என்று ஒரு ஊர். எதிர்க்கரையில் கிர்க்கெனெஸ். ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் நேர்கோட்டில் சுமார் 38 கிலோமீட்டர். இதுக்குப் போய் பிளேனா? யார் ஸார் ஏறுவாங்க?

நான் ஏறினேன்.

கொஞ்சம் பூகோளம். பரீட்சை கிடையாது, பயப்படாதீர்கள். இரண்டு ஊருக்கும் நடுவே வராங்கர் ஃபியோர்டு. கடல் நிலத்துக்குள் நாக்கை நீட்டிய மாதிரி. குறுக்கே பாலம் இல்லை. காரில் கிளம்பினால் நாக்கின் நுனிவரை மேற்கே போய், சுற்றிக்கொண்டு மறுபடி கிழக்கே வரவேண்டும். சுமார் 170 கிலோமீட்டர்.

சரி, கப்பல்? பெர்கனிலிருந்து வரும் கடலோரக் கப்பல் காலையில் வாட்ஸோவைத் தொட்டுவிட்டு கிர்க்கெனெஸ் போகும். திரும்பும்போது வாட்ஸோ பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கல்யாண வீட்டு வேன் மாதிரி: கூட்டிக்கொண்டு போவார்கள், கொண்டு வந்து விடமாட்டார்கள்!

ஆகாயம் இந்த ஊருக்குப் புதுசில்லை. 1926-ல் அமுண்ட்ஸன் குழுவின் 'நார்கே' ஆகாயக் கப்பல் வடதுருவம் போகிற வழியில் இங்கேதான் கட்டி நின்றது. அந்த இரும்புக் கம்பம் இன்னும் நிற்கிறது. காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏர்போர்ட் வந்தேன்.

விமானம் குட்டி. இரண்டு பக்கமும் விசிறி, 39 ஸீட். இந்த மாதிரி ரூட்டுகளுக்கு அரசாங்கமே பணம் கொடுத்து ஓட்டச் சொல்கிறது. நம்ம ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் கண்ணில் பட்டால் சிவப்புப் பேனாவால் ஒரே கோடு.

பக்கத்து ஸீட்டில் ஒரு பாட்டி. மடியில் துணிப்பை. அதிலிருந்து கம்பளி ஸாக்ஸ் எட்டிப் பார்த்தது.

"டூரிஸ்ட்டா?"

"ஆமாம். இவ்வளவு சின்ன ஃப்ளைட்டில் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்னு..." அசடு வழிந்தேன்.

சிரித்தார். வீட்டுக்காரர் கிர்க்கெனெஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

"எங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து பார்த்தா எதிர்க்கரை மலை தெரியும். பனிக்காலத்துல ரோட்டை மூடிடுவாங்க. அப்பவும் மலை மட்டும் நல்லாத் தெரியும்."

எனக்குப் பதில் வரவில்லை. கீழே ஃபியோர்டு ஈயத் தகடு மாதிரிக் கிடந்தது. பெல்ட் விளக்கு அணைவதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது விமானம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கிர்க்கெனெஸ். தெருப் பெயரை நார்வீஜியனிலும் ரஷ்யனிலும் எழுதி வைத்திருக்கிற எல்லைப்புற ஊர். நான் கேமராவைத் தேடிக்கொண்டிருந்தேன். பாட்டி அதற்குள் படியிறங்கி, துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தார்.

யார் ஏறுவாங்கன்னு கேட்டேனே? இவங்கதான் ஸார்.