எண்ணினேன், அளக்கவில்லை

அன்று என் பையில் 15 மீட்டர் டேப் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை. விஷயம் இவ்வளவுதான். ஆனால் இத்தோடு நிறுத்தினால் அது மறதி போலத் தெரியும். மறதி இல்லை.

31 வருடம் அரசு வேலையில் கட்டடங்களை மேற்பார்வை பார்த்தவன் நான். ஒப்பந்தக்காரர் சுவரில் ஒரு அங்குலம் குறைந்தாலும் பில்லில் பிடித்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பணத்தில் சென்னைக்குத் தெற்கே, 12 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் ஒரு வீடு வாங்கினேன். மற்ற பதினொரு குடும்பத்தில் யாருக்கும் பிளான் படிக்கத் தெரியாது. "சார் பாத்துட்டா போதும்" என்றார்கள். எனக்கு அது இனித்தது.

வீட்டை ஒப்படைக்கும் நாள். மே மாதம், உச்சி வெயில். அனுமதி வரைபடத்தின் நகல் கையில் இருந்தது. பின்பக்க மதிலை ஒட்டித் திறந்தவெளியில் ஐந்து கார்களுக்கு இடம். ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்குச் சொல்லும் அளவு அதுதான். எனக்கு மனப்பாடம்.

தரையில் மஞ்சள் கோடு அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஐந்து. வரைபடத்திலும் ஐந்து. ஓரத்தில் ஜெனரேட்டருக்கு ஒரு கான்கிரீட் மேடை. வரைபடத்தில் அது அங்கே இல்லை. கண்ணில் படவில்லை என்று சொல்ல மாட்டேன், பட்டது. கேட்கவும் கேட்டேன். சைட் இன்ஜினியர் பையன் இளநீரை நீட்டிக்கொண்டே, "உங்களுக்குத் தெரியாததா சார், சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்" என்றான். தெரிந்தவன் என்று சொல்லிவிட்டான். இனி டேப்பை விரித்தால் தெரியாதவன் ஆகிவிடுவேன். "டேப் கொண்டாந்தீங்களே?" என்றாள் மனைவி. "கண்ணு போதும்" என்றேன்.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதக் கை கூசுகிறது. என் கார் நிற்கும் இடம் கட்டடத்துக்கு அடியில், ஸ்டில்ட்டுக்குள். முதலில் பதிவு செய்தவன் என்பதால் நல்ல இடமாகப் பார்த்து எடுத்திருந்தேன். அதை முந்தின வாரமே தூணுக்குத் தூண் டேப் பிடித்து அளந்துவிட்டேன். வெளியே இருந்த ஐந்தும் அடுத்தவர்களுடையவை.

அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: "அளந்து பார்த்தேன். எல்லாம் பிளான்படி இருக்கிறது." அந்த ஒரு செய்தியை நம்பி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நிறுத்திவைத்திருந்த கடைசி 5 சதவீதப் பணத்தையும் கட்டினார்கள். பில்டரிடம் பேச அவர்களுக்கு இருந்த ஒரே பிடி அந்தப் பணம்.

மூன்று மாதம் கழித்து, கீழ் வீட்டு டீச்சர் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். "சார், பார்க் பண்ணா கதவத் திறந்து இறங்க முடியல. எனக்குத்தான் சரியா ஓட்டத் தெரியலையா?" கேட்ட உடனே எனக்குப் புரிந்துவிட்டது. "பழகினா சரியாயிடும்மா" என்றேன்.

மறுநாள் விடிவதற்குள், யாரும் எழுமுன், டேப்போடு போனேன். 12.5 மீட்டர் இருக்க வேண்டிய இடம் 10.6 மீட்டர். அதை ஐந்தாக வகுத்துக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு காருக்கு 2.12 மீட்டர். டீச்சருடைய ஸ்விஃப்ட்டின் அகலம் 1.735 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து மிஞ்சுவது 38.5 சென்டிமீட்டர். டேப்பைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்து காபி குடித்தேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் வாயைத் திறக்கவில்லை. சட்டம் தெரியாமல் இல்லை. அனுமதி பெற்ற வரைபடத்தைப் பில்டர் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுதிக் கொடுத்துச் சம்மதிக்க வேண்டும் என்கிறது 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-வது பிரிவு. திறந்தவெளி நிறுத்துமிடம் பொதுச் சொத்து, பில்டர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. அந்த ஐந்து பேரும் வேறு ஏதோ பெயரில் அதற்குப் பணம் கட்டியபோதும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கிருந்த பயமெல்லாம் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பற்றித்தான். யாராவது அதைத் தேடி எடுத்துவிடுவார்களோ என்று.

டீச்சர் காரைத் தெருவில் நிறுத்தத் தொடங்கினார். அவருடைய அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அம்மாவைக் கேட்டில் இறக்கிவிட்டு, தெருக்கோடியில் இடம் தேடிக் காரை விட்டுவிட்டு மகள் நடந்து வரும்வரை அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பால்கனியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அல்ல, பல நாள். நவம்பரில் ஒரு மழை மாலையில் அங்கேயே வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

மார்ச்சில் சங்கக் கூட்டம். ரியல் எஸ்டேட் ஆணையத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தோம். எழுதுவது டீச்சர். கேட்ட குரலில் குத்தல் எதுவும் இல்லை. அளவு வேண்டும், அவ்வளவுதான்.

"சார், நீங்க அன்னிக்கு அளந்தப்ப எவ்வளவு இருந்துச்சு?"

"நான் அளக்கலம்மா" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தபடியே என்னைப் பார்த்தார். யாரும் பேசவில்லை. பிறகு குனிந்து, நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.